அரை அட்டை

ரிப்போர்ட்டை அப்பா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இடது கையில் டிரிப்ஸ் ஊசி இருந்தது. வலது கையால் மட்டும் தாளைப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தார்.

"ஆம்பிசிலின், ஆர். செஃபிக்ஸிம், ஆர். செஃப்ட்ரியாக்ஸோன், ஆர். சிப்ரோ, ஆர். செப்ட்ரான், ஆர்…"

நோயாளி தன் ரிப்போர்ட்டைப் படிப்பது போல இல்லை. மாதக் கடைசியில் கடையில் ஸ்டாக் சரிபார்ப்பது போல இருந்தது. பட்டியல் முடிந்ததும் தாளை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"எல்லாம் நான் வித்த சரக்குதான்" என்றார்.

அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. துறையூரில் 1988 முதல் 2019 வரை மெடிக்கல் ஷாப் வைத்திருந்தவர். பிராஸ்டேட் அறுவைசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. மூன்று கம்பளிக்குள்ளும் பல் கிட்டியது. திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். சிறுநீரை கல்ச்சருக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வந்த தாள்தான் அது. ஈ.கோலை பாக்டீரியா. அதன் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: ஈ.எஸ்.பி.எல் பாசிட்டிவ். 'ஆர்' என்றால் அந்த மருந்தை பாக்டீரியா எதிர்த்து நிற்கிறது என்று பொருள். 'எஸ்' என்றால் பணிகிறது. எங்கள் தாளில் 'எஸ்' மூன்றே இடங்களில் இருந்தது.

"மெரோபெனம் போடுறோம். அது கேக்கும்" என்றார் டாக்டர்.

மருந்து 'கேக்கும்', 'கேக்கல' என்று சொல்வதை அப்பாவின் கடையில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். "அண்ணே, போன தடவ குடுத்தீங்களே, அந்த மாத்திர நல்லா கேட்டுச்சு. அதையே குடுங்க." யார் யாரைக் கேட்கிறார்கள் என்று அப்போதெல்லாம் யோசித்ததில்லை. அன்று இரவு ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துக்கொண்டு, அந்த நான்கு எழுத்துகளைப் பற்றி ஃபோனில் படிக்க ஆரம்பித்தேன். நான் படித்தது பொறியியல். பிளஸ் டூவோடு உயிரியலைக் கைகழுவியவன். ஆனாலும் விடியும்வரை படித்தேன்.

*

பெனிசிலினை உடைக்கும் நொதியைப் பற்றிய முதல் அறிவிப்பு, ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலினால் ஒருவரைக் காப்பாற்றும் முதல் முயற்சிக்கு முன்பே வந்துவிட்டது. இந்தத் தேதிகளைப் பார்த்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆக்ஸ்ஃபோர்டில் எட்வர்ட் ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் பாக்டீரியாவை நசுக்கி எடுத்த சாற்றில் பெனிசிலின் செயலிழந்துபோவதைக் கண்டு, 1940 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அவர்கள் நசுக்கியதும் ஈ.கோலையைத்தான். ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு அதே ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலின் ஊசி போட்டது 1941 பிப்ரவரியில். தேறி வந்தார். மருந்து போதவில்லை. அவருடைய சிறுநீரிலிருந்தே பெனிசிலினைப் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றினார்கள். அதுவும் தீர்ந்து, மார்ச்சில் இறந்துபோனார். அவரைக் கொன்றது அந்த நொதியல்ல, மருந்துத் தட்டுப்பாடு. ஆனால் மருந்து மனிதனிடம் வந்து சேரும் முன்பே அதற்கான மாற்று பாக்டீரியாவிடம் தயாராக இருந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. அதன் இழைகளைக் குறுக்கே பின்னிக் கட்ட ஒரு நொதி இருக்கிறது. அதைக் கொத்தனார் என்று வைத்துக்கொள்வோம். பெனிசிலின் பார்வைக்கு அந்த இழையின் நுனி போலவே இருக்கும். அதன் நடுவில் நான்கு அணுக்களாலான இறுக்கமான ஒரு வளையம். பீட்டா-லாக்டம் வளையம் என்று பெயர். இழை என்று நம்பிக் கொத்தனார் அதைப் பிடித்ததும் வளையம் திறந்து கையோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு விடுபட முடிவதில்லை. சுவர் வேலை நின்றுபோகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியா உள்ளழுத்தம் தாங்காமல் வெடிக்கிறது.

பெனிசிலினை உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியும் அதே வளையத்தைத்தான் பிடிக்கிறது. ஆனால் அது ஒரு நீர் மூலக்கூறை உள்ளே இழுத்து, ஒட்டிக்கொண்டதை அறுத்து, உடைந்த மருந்தை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததைப் பிடிக்கிறது. இந்தக் குடும்பத்தில் நன்றாகத் தேர்ந்த ஒன்று நொடிக்கு ஆயிரம் பெனிசிலின் மூலக்கூறுகளுக்கு மேல் உடைக்கக்கூடியது. இந்த நொதிகளில் பெரும்பாலானவையும் கொத்தனார் நொதியும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்பதை அவற்றின் வடிவமே காட்டுகிறது. நம் ஊர் வார்த்தையில் பங்காளிகள்.

அப்பாவின் பட்டியலில் ஆம்பிசிலின், செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன் மூன்றிலும் இந்த வளையம் இருக்கிறது. பெயரும் விலையும் அட்டையின் நிறமும்தான் வேறு. ஆம்பிசிலின் 1961இல் சந்தைக்கு வந்தது. அப்பா கடை வைத்த காலத்தில் பாதிச் சிவப்பு பாதிக் கறுப்பு கேப்சூலாக வரும். அதை வைத்து நான் தரையில் ரயில் விட்டு விளையாடியிருக்கிறேன்.

*

1965இல் லண்டனில் நவோமி தத்தாவும் பாலிக்ஸெனி கொண்டோமிக்காலுவும் ஒரு ஈ.கோலையைப் பற்றி எழுதினார்கள். ஏதென்ஸில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்தது. அந்த நோயாளியின் பெயர் டெமொனீரா. அவர் பெயரின் முதல் பகுதியை வைத்து அந்த நொதிக்கு 'டெம்' என்று பெயரிட்டார்கள். டெம்-1 நொதியை எழுதி வைத்திருக்கும் மரபணுவின் நீளம் 861 எழுத்துகள். நான் அலுவலகத்தில் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினால் இதைவிடப் பெரிதாக வரும்.

அந்த 861 எழுத்துகள் இருந்த இடம்தான் விஷயம். பாக்டீரியாவின் முதன்மையான குரோமோசோமில் அவை இல்லை. பிளாஸ்மிட் என்கிற தனி வளையத்தில் இருந்தன. பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு நகலாகிப் போகக்கூடியது. சொந்த வாரிசுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவனுக்கும், வேறு இனத்துக்கும்கூட. இதை முதலில் பிடித்தவர்கள் ஜப்பானியர்கள். 1950களில் அங்கே ஷிகெல்லா வயிற்றுக்கடுப்புக் கிருமிகள் ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளை எதிர்க்க ஆரம்பித்தன. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகப் பிறழ்வு நடந்து நான்கும் ஒரே செல்லில் சேர வாய்ப்பு மிகக் குறைவு. எதிர்க்கும் கிருமியையும் சாதாரண ஈ.கோலையையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். நான்கு எதிர்ப்புகளும் ஒரே மூட்டையாகக் கைமாறின. 1959இல் இது வெளியானது. 1974இல், டெம் மரபணு ஒரு பிளாஸ்மிட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்கிறது என்று ஹெட்ஜஸும் ஜேக்கபும் கண்டார்கள். டிரான்ஸ்போசான் என்ற சொல் அந்தக் கட்டுரையில்தான் பிறந்தது.

எங்கள் தொழிலில் இது தினசரி நடப்பது. எவனோ எழுதிய கோடை இன்னொருவன் எடுத்துத் தன் ப்ராஜெக்டில் ஒட்டுவான். அதோடு சேர்ந்து, அவனுக்கே தெரியாத பத்து விஷயங்களும் உள்ளே வந்துவிடும். ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்மிட்டும் அப்படித்தான். பீட்டா-லாக்டமேஸ் மரபணு இருக்கும் அதே வளையத்தில் செப்ட்ரானுக்கான எதிர்ப்பும் இருக்கலாம். அப்போது செப்ட்ரான் மட்டுமே சாப்பிட்டவர் வயிற்றிலும் மொத்த மூட்டையும்தான் பிழைத்துப் பெருகும். விற்ற மாத்திரை ஒன்று, வளர்ந்தது நான்கு.

*

ஆம்பிசிலின் கேட்காமல் போனபோது செஃபலோஸ்போரின்களில் புதிய தலைமுறை வந்தது. டெம்-1ஆல் அவற்றைச் சரியாகப் பிடிக்க முடியாது. ஆனால் 1980களில், அவற்றையும் உடைக்கும்படி திருத்தப்பட்ட நொதிகள் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் தென்பட்டன. 'விரிந்த வீச்சுள்ள பீட்டா-லாக்டமேஸ்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ஈ.எஸ்.பி.எல்.

திருத்தம் எவ்வளவு சின்னது என்பதை டேனியல் வெயின்ரைக்கும் உடன் பணியாற்றியவர்களும் 2006இல் காட்டினார்கள். டெம் மரபணுவில் குறிப்பிட்ட ஐந்து எழுத்து மாற்றங்கள் சேர்ந்தால், செஃபோடாக்ஸிம் என்ற மருந்துக்கு எதிர்ப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு கூடுகிறது. ஐந்து மாற்றங்களை 120 வரிசைகளில் செய்யலாம். அவற்றில் 102 வரிசைகள் இயற்கைத் தேர்வுக்கு அடைபட்ட பாதைகள். நடுவில் ஏதோ ஒரு படியில் எதிர்ப்பு கூடாமல் நின்றுவிடும், அல்லது குறைந்துவிடும். மிச்சம் 18. ஒரு மாற்றம் நொதியின் வாயைப் பெரிதாக்கும், ஆனால் உடலைத் தளர்த்திவிடும். இன்னொரு மாற்றம் தனியாக வந்தால் பெரிய லாபம் இல்லை, ஆனால் அந்தத் தளர்ச்சிக்கு முட்டுக்கொடுக்கும். முதலாவது வந்த பிறகுதான் இரண்டாவதற்கு மதிப்பு.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு தவறான நிம்மதி வந்தது. 18 வழிகள்தானே! பிறகு யோசித்தேன். ஒரு மனிதக் குடலில் உள்ள ஈ.கோலைகளைக் கோடிக் கணக்கில் எண்ண வேண்டும். அந்த மக்கள்தொகைக்கு ஒரு வழி இருந்தாலே போதும். என் கோட் உவமையும் இங்கே உடைகிறது. கோடுக்கு எழுதியவன் ஒருவன் உண்டு, நோக்கம் உண்டு. இங்கே யாரும் எதையும் எழுதவில்லை. பிழைகள் எப்போதும் நடந்துகொண்டிருக்கின்றன. மருந்து வந்து பிழையில்லாதவர்களை அகற்றிவிட்டுப் பிழையானவனுக்கு வீட்டைக் கொடுக்கிறது. மாத்திரை பாக்டீரியாவுக்கு எதையும் கற்றுத்தருவதில்லை. ஏற்கனவே தெரிந்தவனைத் தேர்ந்தெடுக்கிறது.

அப்பாவின் ரிப்போர்ட்டில் எந்த மரபணு என்று இல்லை. சாதாரண லேபில் அதைப் பார்க்க மாட்டார்கள். இன்று உலகத்தில் அதிகம் பரவியிருக்கும் ஈ.எஸ்.பி.எல் மரபணு சி.டி.எக்ஸ்-எம்-15. அதில் உள்ள 'எம்' மியூனிக் நகரைக் குறிக்கும். அந்தக் குடும்பத்தின் மூலம் க்ளூய்வெரா என்ற பாக்டீரியாவின் குரோமோசோம். அங்கே அது பெரிய தொந்தரவில்லாமல் கிடந்தது. தாவும் துண்டு ஒன்று அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அதைப் பெயர்த்துப் பிளாஸ்மிட்டில் கொண்டுபோய் வைத்தது. அத்தோடு உரக்க வாசிக்கவும் வைத்தது. 15 என்ற வடிவம் முதலில் விவரிக்கப்பட்டது டெல்லியில் எடுத்த கிருமிகளில்.

*

பெயர் என்றதும் 2010 ஆகஸ்ட் ஞாபகம் வந்தது. அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். 'சூப்பர்பக்' என்று எல்லா சேனலிலும் ஓடியது. என்.டி.எம்-1, அதாவது 'நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்'. டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரிடம் ஸ்வீடனில் கண்டெடுக்கப்பட்டு, 2009இல் பெயரிடப்பட்டது. இது பங்காளி வகை அல்ல, வேறு குடும்பம். இரண்டு துத்தநாக அணுக்களை வைத்து வளையத்தை உடைக்கும். டாக்டர் "கேக்கும்" என்று சொன்ன மெரோபெனத்தையும் உடைக்கும்.

'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீஸஸ்' இதழில் வந்த அந்த ஆகஸ்ட் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி. என்.டி.எம்-1 உள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிடைத்ததாக அதில் இருந்தது. நாடாளுமன்றம்வரை கொதித்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதி என்றார்கள். ஊர்ப் பெயரை வைத்தது தவறு என்று 2011 ஜனவரியில் லான்செட்டின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்டனே மன்னிப்புக் கேட்டார். மியூனிக் இருக்கிறது, வெரோனாவின் பெயரில் 'விம்' இருக்கிறது, சாவ் பாவ்லோவின் பெயரில் 'எஸ்.பி.எம்' இருக்கிறது. இருந்தாலும் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு ஊரின் பெயரை நோயோடு சேர்த்தால் அது அந்த ஊர்க்காரர்கள் மேல்தான் ஒட்டும். ஆனால் அந்த வருடம் நாம் பெயரைப் பற்றிப் பேசிய அளவுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில், டெல்லியில் தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51லும், குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50இல் 2லும் அந்த மரபணு இருந்தது.

2012இல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச்சில் ஹெச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட 46 மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அப்பா நீளமான கணக்கு நோட்டு ஒன்றை வாங்கிக் கோடு போட்டு, நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்து, எண்ணிக்கை என்று எழுதினார். முதல் மூன்று மாதம் ஒழுங்காக எழுதினார். அதற்குப் பிறகு அந்த நோட்டில் ஒரே டாக்டரின் பெயர் அதிகம் வரும். அந்த டாக்டர் பக்கத்துத் தெருவில் இருந்தவர். எழுதிக்கொள்ளச் சொல்லி அனுமதி கொடுத்திருந்தார்.

*

ஆறாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது. இட்லி சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படித்ததையெல்லாம் அவரிடம் கொட்டினேன். நான் பேசிய தொனியில் குற்றச்சாட்டு இருந்தது என்பது எனக்கே தெரிந்தது. அரை அட்டை, கால் அட்டை, மூன்று நிறத்தில் மூன்று மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் 'செட்', ஒரு வேளைக்கு இவ்வளவு, இரண்டு வேளைக்கு இவ்வளவு. என்னை இன்ஜினியரிங் படிக்கவைத்ததும் அந்த செட்டுதான். அதையும் சேர்த்துத்தான் பேசினேன்.

அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கேட்டார்.

"உப்பிலியபுரத்துலேருந்து பஸ் ஏறி ஒருத்தன் வர்றான். கூலிக்காரன். கையில முப்பது ரூபா. டாக்டர் ஃபீஸ் நூறு. நாளைக்கு வேலைக்குப் போகலன்னா அடுப்பு எரியாது. என்ன குடுக்கச் சொல்ற?"

"பாரசிட்டமால் குடுத்திருக்கலாம்லப்பா."

"நிமோனியாவா இருந்தா?"

"டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கலாம்."

"அனுப்புவேன். போகமாட்டான். அடுத்த கடைக்குப் போவான்." கொஞ்ச நேரம் கழித்து, "முப்பத்தோரு வருஷத்துல என் கடைக்கு ஒரு கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததில்லடா. நான் மொத மொதல்ல கையில வாங்கிப் பாத்தது என்னோடதுதான்" என்றார்.

நான் படித்ததில் இன்னொன்றும் இருந்தது. அதை ஆறுதலாகத்தான் அவரிடம் சொன்னேன். கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் பீட்டா-லாக்டம் எதிர்ப்பு மரபணுக்கள் இருந்தன. 2011இல் வெளியான ஆய்வு. பெனிசிலின் மாதிரியான பொருள்களைப் பூஞ்சைகளும் மண்ணில் வாழும் பாக்டீரியாக்களும் காலங்காலமாகச் செய்துவருகின்றன. உடைப்பவையும் கூடவே இருந்திருக்கின்றன. மெடிக்கல் ஷாப்புகளுக்கு முன்பே, மனிதன் மருந்து என்று ஒன்றை அறியும் முன்பே இந்த நொதி இருந்தது.

"அப்ப நாங்க செய்யல."

"செய்யலப்பா. ஆனா அங்கங்க மண்ணுல கெடந்தத ஒண்ணா சேத்து, ஊருக்குள்ள கூட்டிட்டு வந்தது நாமதான். நீங்க மட்டுமில்ல. ஆஸ்பத்திரி, கோழிப்பண்ணை, மருந்துக் கம்பெனி, சாக்கடை, எல்லாரும்."

அவர் வயிற்றில் இருந்த மரபணு அவர் விற்ற ஏதோ ஒரு அட்டையிலிருந்து சுற்றி வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் ஏறியிருக்கலாம். தண்ணீரில் வந்திருக்கலாம். ஒரு கணக்கிலும் எழுதி வைக்கப்படாத பரிமாற்றம் அது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

*

பத்தாம் நாள் துறையூர் வந்துவிட்டோம். கடை இல்லாவிட்டாலும் பழக்கத்தில் வீட்டுக்கு வந்து கேட்பவர்கள் இன்னும் உண்டு. வந்த வாரமே பின்தெருவிலிருந்து ஒரு பெண், ஐந்து வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல், இருமல். அப்பா வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சளி என்ன நிறம், மூச்சு இரைக்கிறதா, சாப்பிடுகிறானா, ஒன்றுக்குப் போகிறானா. பையனின் சட்டையைத் தூக்கி விலா எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்தார்.

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா. இப்பவே போ. ராத்திரி டூட்டி டாக்டர் இருப்பாங்க."

"ஏதாச்சும் மாத்திர எழுதிக் குடுங்கண்ணே. அங்க போனா ராத்திரி முழுக்க உக்கார வெச்சிருவாங்க."

"இல்லம்மா. போ."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனது. அப்பா சாப்பிடவில்லை. பதினோரு மணிக்கு என்னை எழுப்பி, "அந்தப் புள்ளைக்கு என்னாச்சுன்னு போன் போட்டுக் கேளு" என்றார். அந்த நேரத்தில் எப்படிக் கேட்பது என்று நான் மறுத்தேன். விடியும்வரை அவர் புரண்டுகொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அனுப்பியது சரி என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முப்பத்தோரு வருடங்களில் யாரையும் வெறுங்கையோடு அனுப்பிவிட்டுத் தூங்கிப் பழக்கமில்லை.

காலையில் நானே போய்க் கேட்டு வந்தேன். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்களாம், ரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம். வைரல்தான் என்று காய்ச்சல் மருந்து மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பையன் வாசலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

அப்பாவிடம் வந்து சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து நான் ஒரு அரை அட்ட குடுத்திருந்தாலும் இன்னைக்கு அவன் இப்படித்தான்டா எந்திரிச்சு உக்காந்திருப்பான்" என்றார். "மாத்திர நல்லா கேட்டுச்சுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கும். நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்."